சட்டாம்பிள்ளை

பூம்பாறையில் குழந்தை வேலப்பரைத் தரிசித்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டுத் திண்ணையில் சிறுமி ஒருத்தி தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டில் எட்டுப் போனால்? "கடன் வாங்குடா" என்கிறாள். "யாருகிட்டக்கா?" என்கிறான் அவன். நியாயமான கேள்விதான். அவள் பூண்டுப் பற்களைப் பத்துப் பத்தாய் மூன்று குவியல் வைத்தாள், உதிரியாக இரண்டு. பிறகு ஒரு குவியலைக் கலைத்தாள். "இப்ப எடு." எடுத்துவிட்டான். போன வருஷம் அவளே இடறி விழுந்த இடமாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு அந்த இடம் மறந்துபோகிறது.

இந்த வித்தைக்குச் சீமையில் 'மதராஸ் முறை' என்று பெயர். 1789இல் எழும்பூரில், சோல்ஜர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குத் தலைவரானார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அப்படியே செய்யச் சொன்னார். கீழிருந்த உபாத்தியாயர்கள் மசியவில்லை. பிரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார், நடந்தது. 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். ஒரு வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? 1832இல் பெல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். மணலில் எழுதிய நம் பிள்ளைகளின் பெயரை யாரும் கேட்டுவைக்கவில்லை.

எனக்கும் ஒரு சட்டாம்பிள்ளை உண்டு. கீழ்மலையில் ஒரு கிராமம். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். மூன்றாம் வகுப்பான எங்களை ஐந்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் பார்த்துக்கொண்டார். எனக்கு 'ர'வும் 'ற'வும் ஒன்றுதான். "ஆத்துக்குக் கரை, தண்ணி வந்தா கரைஞ்சிடும், இடையினமான லேசான ர போதும். வாழைக்கறை சட்டையில பட்டா போகாது, அதுக்கு வலுவான ற" என்றார். இலக்கணப் புலவர்கள் மன்னிக்கட்டும், எனக்கு அன்றே பிடிபட்டது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஐந்தோடு நின்றுவிட்டார். நான் மலையிறங்கிக் காலேஜ் வரை போனேன்.

சில வருஷங்களுக்கு முன் வத்தலக்குண்டில், லாரியிலிருந்து மலைவாழைத் தார் இறக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருக்கீங்களா?" என்றார். அந்த 'ங்க' என்னைச் சுட்டது. அவர் சட்டையெல்லாம் கறை. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"இதுக்கு எந்த எழுத்து, ஞாபகம் இருக்கா?"

"வலுவான ற, அண்ணே" என்றேன்.