ஒரு சொல் என்ன விலை?

கடைவீதியில் முனைக்கடைக்கு ஒரு வாடகை, சந்துக்குள் இருக்கும் கடைக்கு ஒரு வாடகை. அது நமக்குப் பழகிய விஷயம். வெறும் சொல்லுக்கும் வாடகை உண்டு என்பது, என் பொடி வியாபாரத்தை ஆன்லைனில் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கும்பகோணத்தில் வீட்டிலேயே பொடி வகைகள் அரைத்து விற்கிறேன். விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி மகள்தான் கூகுளில் விளம்பரம் கொடுக்கச் சொல்லித் தந்தாள்.

“அத்தை, ஒருத்தர் ‘பருப்புப் பொடி’ன்னு தேடினதும் கண் இமைக்கறதுக்குள்ள ஒரு ஏலம் நடக்கும். யார் எவ்வளவு கேட்டிருக்காங்க, யாரோட விளம்பரம் பொருத்தமா இருக்கு, ரெண்டையும் பார்த்துத்தான் இடம். விளம்பரத்தைத் தொட்டாத்தான் காசு” என்றாள்.

1998-ல் அமெரிக்காவில் கோடூ என்ற தேடல் நிறுவனம் கொண்டுவந்த ஏல முறை இது. 2002-ல் கூகுளும் இதற்கு மாறியது. பொருத்தத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

சொல்லுக்குச் சொல் விலை ஏன் மாறுகிறது? என் கணக்கையே சொல்கிறேன். ஒரு பாக்கெட்டில் எனக்கு 40 ரூபாய் நிற்கும். விளம்பரத்தைத் தொடுகிற 20 பேரில் ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள். ஒரு தொடுதலுக்கு 2 ரூபாய் கொடுத்தாலே லாபம் மொத்தமும் போய்விடும். வீட்டுக் கடன் கொடுப்பவருக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் 20 வருட வட்டி. அவர் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக் கேட்கலாம்.

ஒரே சொல்லும் எல்லா நாளும் ஒரே விலையில் இருக்காது. தீபாவளி நெருங்கினால் பெரிய கடைகள் எல்லாம் களத்தில் இறங்கும். ‘அதிரசம்’, ‘முறுக்கு’ விலை ஏறிவிடும். பண்டிகை முடிந்ததும் தணியும். ஊருக்கு ஊரும் மாறும்.

‘அங்காயப் பொடி’ கதை வேறு. தேடுகிறவர்கள் மிகக் குறைவு என்று சொல்லி, விளம்பரமே ஓடவில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து கொடுக்கிற பொடி. அந்தச் சொல்லுக்கு ஏலம் கேட்க ஆளில்லை!

இதுவரை சொன்னது வியாபாரம். போன வருடம் எங்கள் உறவுக்காரப் பையனின் குடியை நிறுத்த வழி தேடினோம். ‘குடி மறுவாழ்வு மையம்’ என்று போட்டதும் மேலே வந்த வரிசை முழுக்க விளம்பரம். முதலில் இருந்த எண்ணில் பேசியவர், பையனின் வயதைக்கூடக் கேட்கவில்லை. “அட்வான்ஸ் எப்போ கட்டறீங்க?” என்றுதான் கேட்டார். போனை வைத்துவிட்டு, தெரிந்த டாக்டரைக் கேட்டு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். இப்போது வேலைக்குப் போகிறான்.

தம்பி மகளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அமெரிக்காவில் மிக அதிக விலை போகும் சொற்களில் ஒன்று, ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் ஒரு புற்றுநோயின் பெயராம். நஷ்டஈட்டு வழக்கு நடத்தும் வக்கீல்கள் அதற்குப் போட்டி போடுகிறார்கள். அங்கே போதை மறுவாழ்வு விளம்பரங்களில் ஏமாற்று மிஞ்சிப்போனதால், 2017-ல் கூகுளே அவற்றுக்குக் கட்டுப்பாடு போட்டது.

யோசித்தால் புரிகிறது. நாம் எவ்வளவு அவசரத்தில் தேடுகிறோமோ, அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கிராக்கி. மேலே வருகிற எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. நானும் காசு கொடுத்துத்தான் மேலே வருகிறேன். ஆனால் மேலே இருப்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிட மாட்டார்.

பொடி வாங்கும்போது இதைப் பார்க்காவிட்டால் பரவாயில்லை. ஆஸ்பத்திரி, கடன், வக்கீல் என்று தேடும்போது மட்டும், ‘ஸ்பான்சர்டு’ என்று சின்னதாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முன்பணம் கட்டும் முன் தெரிந்தவர் ஒருவரிடமாவது கேட்டுவிடுங்கள்.