மறைமலை நகரில் பிறந்த டீசல் குதிரை



தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி தாண்டி மறைமலை நகர் வரும். நம்மில் பலர் தினமும் பஸ்ஸிலோ, செங்கல்பட்டு யூனிட் வண்டியிலோ கடந்து போகிற ஊர்தான். அங்கே ஃபோர்டு தொழிற்சாலையில் 2010 மார்ச்சில் வெளிவந்த ஒரு சின்னக் காரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் ஃபிகோ. அதிலும் டீசல் ஃபிகோ. "காரைப் பற்றி எழுத என்னப்பா இருக்கு? வாங்க முடிஞ்சவன் ஓட்டுறான், முடியாதவன் வேடிக்கை பாக்குறான்" என்று கேட்பீர்கள். இருக்கிறது, நண்பர்களே! நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற ஒரு சூத்திரம் நம்ம ஊர் ரோட்டில் உயிரோடு ஓடுவதை அதில் பார்க்கலாம்.

வரிக்குள் அடங்கிய உடம்பு

ஃபிகோவின் நீளம் 3,795 மில்லிமீட்டர். பெட்ரோல் இன்ஜின் 1,196 சி.சி., டீசல் இன்ஜின் 1,399 சி.சி. இந்த எண்கள் ஏன் இப்படி இருக்கின்றன? 2006 மத்திய பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சி.சி.க்குள், டீசல் 1,500 சி.சி.க்குள் இருந்தால் சலுகை. ஆகவே ஒரு காரின் உருவத்தை டிராயிங் போர்டில் இருக்கிற இன்ஜினியர் மட்டும் தீர்மானிப்பதில்லை. டில்லியில் பட்ஜெட் படிக்கிறவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார். இதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

டீசல் இன்ஜின் ஃபோர்டும் பிரான்சின் பீஜோ-சித்ரோயன் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கியது. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். நாலு சிலிண்டர், எட்டு வால்வு, சின்ன டர்போ, காமன் ரெயில். அந்தக் குழாய்க்குள் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று சுமார் 2 பார்தான். ஒப்பிட்டுப் பாருங்கள், தலை சுற்றும்!

2 குதிரை குறைவு, ஆனால் இழுவை அதிகம்

பெட்ரோல் ஃபிகோவுக்கு 71 குதிரைத்திறன், 6,250 சுற்றில். டீசலுக்கு 69, 4,000 சுற்றில். எண்ணை மட்டும் பார்த்தால் பெட்ரோல்தான் ஜெயிக்கிறது. ஆனால் முறுக்கு விசையைப் பாருங்கள். பெட்ரோலுக்கு 102 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றில். டீசலுக்கு 160, வெறும் 2,000 சுற்றில்.

இப்போது நம் சூத்திரத்துக்கு வருவோம். திறன் என்பது 2πNT-யை 60-ஆல் வகுப்பது. 2,000 சுற்றில் டீசல் கொடுப்பது சுமார் 33.5 கிலோவாட், அதாவது 45 குதிரைக்கு மேல். அதே 2,000 சுற்றில் பெட்ரோல் இன்ஜின் தன் முழு 102-ஐயும் கொடுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 29 குதிரைதான் வரும். ஒரே கார், ஒரே ரோடு, 16 குதிரை வித்தியாசம்!

ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை 9 மணிக்கு 6,250 சுற்றில் யார் ஓட்ட முடியும்? இரும்புலியூரில் நின்று, பெருங்களத்தூரில் ஊர்ந்து, வண்டலூரில் மறுபடி நிற்கிற ரோடு அது. அங்கே நமக்கு வேண்டியது 1,500-லிருந்து 2,500 வரைக்குமான இழுவை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரிலேயே அது மூச்சு வாங்காமல் போவதை நானே பார்த்திருக்கிறேன். 1,500-க்குக் கீழே கொஞ்சம் யோசிக்கும். டர்போ சின்னது என்பதால் சீக்கிரம் சுழன்று, தூக்கிப் போடாமல் அலுங்காமல் இழுக்கும்.

குறையும் இருக்கிறது. அதே சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள். 4,000 சுற்றில் 69 குதிரை என்றால் அங்கே முறுக்கு விசை 121 நியூட்டன் மீட்டராக இறங்கிவிடுகிறது. அதனால்தான் 3,500-க்கு மேல் மிதித்தால் சத்தம் ஏறுகிறதே தவிர வேகம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. அதே காலத்து ஸ்விஃப்ட் டீசலுக்கு 75 குதிரையும் 190 நியூட்டன் மீட்டரும் இருந்தன. வேகம் பிடிக்கிறவர்கள் அதை எடுத்தார்கள். ஃபிகோவின் பெருமை வேறு இடத்தில் இருந்தது. அதன் ஸ்டீயரிங் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் வகை. டயர் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது, எந்த மணலில் வழுக்குகிறது என்று கைக்குச் சேதி வந்துகொண்டே இருக்கும். இப்போது வருகிற மின்மோட்டார் ஸ்டீயரிங் பலவற்றில் அந்தப் பேச்சு குறைவு என்பது ஓட்டுகிறவர்கள் சொல்வது.

நாலு டீஸ்பூன் தண்ணீர்

டீசல் இன்ஜினின் பலம் அதன் அழுத்த விகிதம். தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் சுமார் 18 மடங்கு அமுக்கினால் அது கொதித்துப் போய், தெளித்த டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். 1890-களில் ருடால்ஃப் டீசல் கண்ட வழி இதுதான். இந்தப் பலமே அதன் பலவீனமும் ஆகும்.

கணக்குப் போடுங்கள். 1,399-ஐ நாலால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 350 சி.சி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 350-ஐ 17-ஆல் வகுப்பது, அதாவது சுமார் 20 சி.சி. நாலு டீஸ்பூன்! காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஏர் ஃபில்டர் வழியாக நாலு டீஸ்பூனுக்கு மேல் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது நமக்கெல்லாம் தெரியும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பழகப் போகிற சேலையூர்ப் பக்கத்து ஷெட்டில் அண்ணன் இன்றைக்கும் சொல்வார்: "தண்ணி வடிஞ்சதும் அவசரப்பட்டு சாவியத் திருப்புனவன் வண்டிதாண்டா முதல்ல செத்துச்சு. தள்ளிக்கிட்டு வந்தவன் வண்டி பொழச்சிச்சு." அவர் பாலிடெக்னிக் படிக்கவில்லை. ஆனால் அந்த 20 சி.சி. கணக்கு அவர் கையில் இருக்கிறது.

மாமா கேட்ட கேள்வி

என் தாய்மாமா ஆக்டிங் டிரைவர். ஊரார் காரை ஓட்டிச் சம்பாதித்துச் சொந்தமாக வாங்கியது ஒரே ஒரு கார். 2011-ல் பதிவான டீசல் ஃபிகோ, செகண்ட் ஹேண்டில். கூடுவாஞ்சேரியிலிருந்து குரோம்பேட்டைக்கு வாரம் 2 நாள் ஆயாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது அதில்தான். 15 வருடம் முடிகிறது, எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "10 வருஷ டீசல் ஓட்டக்கூடாதாமே" என்றார் ஒருவர். அது 2015-லிருந்து டில்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு, நம் ஊருக்கு அல்ல. "கம்பெனியே மூடிட்டான், பார்ட்ஸ் எங்க கிடைக்கும்" என்றார் இன்னொருவர். தயாரிப்பு நின்ற பிறகும் ஃபோர்டு சர்வீஸும் உதிரி பாகமும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

மாமா என்னைப் பார்த்து, "மாப்ள, நம்ம வீட்ல படிச்சவன் நீ ஒருத்தன்தான். வச்சிக்கலாமா, காயலான் கடைக்குப் போடலாமா? நீ சொல்றதுதான்" என்றார்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். என் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு நிற்கிறது என்று தெரிந்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. "அளந்து பாத்துட்டு சொல்றேன் மாமா" என்றேன்.

அண்ணனின் உதவியோடு இரண்டு ஞாயிறு அளந்தோம். முதலில் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தோம். நாலும் ஏறக்குறைய சமம். ஆயில் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டோம், புகை தள்ளவில்லை. பிறகு இன்ஜெக்டர்களின் திரும்பும் குழாயில் நாலு சின்ன பாட்டிலைக் கட்டி ஓடவிட்டோம். மூன்று பாட்டிலில் ஒரே அளவு. மூன்றாவது சிலிண்டரின் பாட்டிலில் மட்டும் இரண்டு மடங்கு. காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறியதற்குக் காரணம் அதுதான். இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஒரு இன்ஜெக்டர்தான் தேய்ந்திருக்கிறது! டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாததால் அதையும் மாற்றச் சொன்னேன். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். "வச்சிக்கலாம் மாமா. இந்த 2 வேலையும் செஞ்சிட்டு எஃப்.சி.க்குப் போங்க" என்றேன். மாமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆயாதான் கேட்டது: "நாலு பாட்டில்ல இம்புட்டு விஷயமா?"

இனி டீசல் எதற்கு?

நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள், "டீசலே போகப்போகுது, அதைப் படிச்சு என்ன லாபம்?" நியாயமான கேள்வி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தது. டீசல் கார் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்க வேண்டும் என்றது. புகைத் துகளைப் பிடிக்கும் வடிகட்டியும் வேண்டியதாயிற்று. பெரிய காரில் அந்தச் செலவு கரைந்துவிடும், சின்னக் காரில் கரையாது. மாருதி அத்தோடு டீசலை நிறுத்தியது. சின்ன ஹேட்ச்பேக்கில் டீசல் அரிதாகிவிட்டது. ஆயாவும் மற்றவர்களும் சுவாசிக்கிற காற்றை நினைத்தால் அந்த விதி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

மறைமலை நகரின் கதையும் அப்படித்தான். 2008-ல் 50 கோடி டாலர் முதலீடு அறிவித்து, வருடம் 2 லட்சம் கார், இரண்டரை லட்சம் இன்ஜின் செய்யும் அளவுக்கு வளர்ந்த இடம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, 2022-ல் கடைசிக் கார் வெளியே வந்தது. எத்தனை ஐ.டி.ஐ., டிப்ளமோ அண்ணன்மார்கள் அன்று கேட்டுக்கு வெளியே நின்றார்கள்! 2025 அக்டோபரில் மறுபடி ஒரு ஒப்பந்தம்: 3,250 கோடி ரூபாயில் 2029 முதல் அங்கே இன்ஜின் செய்யப்போவதாக. மூடுவதும் திறப்பதும் நம் கையில் இல்லை.

நம் கையில் இருப்பது அளவுகோல். மின்சாரக் கார் வந்தாலும் அதற்கும் அதே 2πNT-தான். மோட்டார் நிற்கிற இடத்திலிருந்தே முழு முறுக்கு விசை கொடுக்கிறது என்பதுதான் வித்தியாசம். டீசலில் 2,000 சுற்றின் அருமையை உணர்ந்தவனுக்கு அது ஏன் பெரிய விஷயம் என்று உடனே புரியும். ஆகவே நண்பர்களே, ஊர் சொல்கிறது என்று ஒரு இயந்திரத்தையும் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். முதலில் நாலு பாட்டில் கட்டிப் பாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை