"கேட்டா சொல்றான், எழுத மாட்டேங்குறான்": கற்றல் குறைபாடு பரிசோதனையைப் பள்ளி வழியாகக் கேட்பது எப்படி?

"வாயால கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்றான் டாக்டர். பேப்பர்ல மட்டும் ஒண்ணுமே வரலை."

குழந்தைகள் மருத்துவர்கள் ஓபியில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பெரும்பாலும் காய்ச்சலுக்கு மருந்து எழுதி முடித்த பிறகு, கிளம்பும்போதுதான் சொல்வார்கள். உங்க வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்த நீளமான இழை உங்களுக்குத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கலாம். கற்றல் குறைபாடு என்றால் அறிவுக் குறைவு இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை. வாசிப்பதில் சிரமம் டிஸ்லெக்சியா, எழுதுவதில் டிஸ்கிராபியா, கணக்கில் டிஸ்கால்குலியா.

இது புதுசா வந்த வியாதியும் இல்லை. 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். நல்ல புத்திசாலி, ஆனால் வாசிக்க வரவில்லை. பாடமெல்லாம் வாய்வழியா நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொல்லியிருக்கிறார். நம்ம ஊர் அம்மா சொல்றதும் அதேதான்.

எதைக் கவனிக்கணும்?

▪ மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறது
▪ முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வது
▪ கொம்பு, கால், ஒற்றெழுத்து தொடர்ந்து விட்டுப்போவது
▪ போர்டைப் பார்த்து எழுதி முடிக்கவே முடியாமல் போவது
▪ நேற்று வந்த வார்த்தை இன்று மறந்துபோவது

ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அதை மட்டும் வைத்து பயப்பட வேண்டாம். வகுப்பில் மற்றவர்கள் கடந்து போன பிறகும், சொல்லிக் கொடுத்தும், மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, இதை ஏன் பள்ளி வழியாகக் கேட்கணும்? நேராக டாக்டரிடம் போகலாமே?

தாராளமா போகலாம். ஆனால் பிள்ளை வாசிக்கிறதையும் எழுதுறதையும் தினமும் பார்ப்பவர் ஆசிரியர். அவர் எழுதித் தரும் குறிப்பு இல்லாமல் எங்கள் மதிப்பீடு பாதிதான். சட்டமும் பள்ளியைத்தான் கைகாட்டுது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவது கல்வி நிறுவனத்தின் கடமை என்கிறது. 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பிலோ 8 வயதிலோ ஆசிரியர்களே முதல்கட்டமாகப் பார்க்க வேண்டும் என்றது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும்தான்.

அதனால் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் வாயால் சொல்லிவிட்டு வராதீங்க. எழுதிக் கொடுங்க. நாலு வரி போதும்:

"என் மகன்/மகள் ... வகுப்பில் படிக்கிறார். வாசிப்பதிலும் எழுதுவதிலும் ... மாதங்களாகச் சிரமம் உள்ளது. கற்றல் குறைபாடு உள்ளதா என்று பள்ளியில் முதல்கட்ட ஆய்வு செய்து, மருத்துவ மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

தேதி போடுங்க. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரை வாங்கி வீட்டில் வைங்க. பிள்ளையின் பழைய நோட்டு, விடைத்தாள் எதையும் எடைக்குப் போடாதீங்க. எங்களுக்கு அது எக்ஸ்ரே மாதிரி.

"இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்" என்று பதில் வரலாம். அந்த ஒரு வருஷத்தில் பிள்ளை சும்மா இருக்காது. தினமும் வகுப்பில் எழுந்து நின்று, தடுமாறி, மற்றவர்கள் சிரிக்க உட்காரும். 'நான் மக்கு' என்று அதுவே தீர்ப்பு எழுதிவிடும். வாசிப்பைப் பிறகு சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்தத் தீர்ப்பை அழிப்பதுதான் பெரும் பாடு.

"வேற ஸ்கூல் பாருங்க, டிசி வாங்கிக்கோங்க" என்று சொன்னால், 8-ம் வகுப்பு முடியும் வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்வதை மரியாதையாக நினைவுபடுத்துங்க.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். தலைமையாசிரியரிடம் அவரைக் கேளுங்க. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கும் அனுப்பச் சொல்லலாம்.

பரிசோதனையில் என்ன நடக்கும்?

ஊசி, ரத்தம், ஸ்கேன் எதுவும் இதைக் கண்டுபிடிக்காது. முதலில் கண், காது பார்ப்போம். கடைசி பெஞ்சில் போர்டு தெரியாத பிள்ளைக்கு வேண்டியது கண்ணாடி. தூக்கம், பள்ளிக்குப் போகாத நாட்கள், இடையிடையே சில நொடி வெறித்துப் பார்க்கும் வலிப்பு வகை, கவனக்குறைவு எல்லாவற்றையும் பார்ப்போம். பிறகு உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனையும், வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனையும் செய்வார். ஒரே நாளில் முடியாமல் போகலாம்.

வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்க. ஒரு மொழி பழக்கமில்லாததும் கற்றல் குறைபாடும் வேறு வேறு.

அப்பாக்களும் உடன் வரணும். இது குடும்ப வழியாகவும் வருவது. ஒருமுறை, சொந்தமாக மெக்கானிக் ஷாப் நடத்தும் அப்பா ஒருவர், மகனின் சிரமங்களை நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கத் தலை குனிந்துகொண்டே வந்தார். கடைசியில், "எனக்கும் இதேதான் சார். அதுக்குத்தான் அடி வாங்கினேன், ஒன்பதாவதோட நின்னுட்டேன். அப்ப நான் மக்கு இல்லையா?" என்றார். நாற்பது வயசுக்கு மேல் கேட்கும் கேள்வி அது. "இல்லைங்க" என்றேன். பக்கத்தில் பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த பயம் சான்றிதழ். "பொம்பளப் பிள்ளை டாக்டர், நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கு..." புரியுது. ஆனால் பரிசோதனை வேறு, சான்றிதழ் வேறு. ரிப்போர்ட் உங்க கையில் இருக்கும். சிறப்புப் பயிற்சி தொடங்கச் சான்றிதழ் தேவையில்லை. பொதுத்தேர்வுச் சலுகைக்குத்தான் தேவை: கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்றவை. போர்டுக்கு போர்டு விதி மாறும். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியில் கேட்டு வைங்க.

ஞாபகசக்தி டானிக் இதைச் சரிசெய்யாது. காசு வீண். எழுத்தையும் ஒலியையும் பொறுமையாக இணைத்துச் சொல்லித்தரும் பயிற்சி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, தொடர்ந்து. இதுதான் வைத்தியம். 8 வயதுக்கு முன் சந்தேகம் வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.

கடைசியாக, டெஸ்டுக்குக் கூட்டிப்போகும்முன் எதற்குப் போகிறோம் என்று பிள்ளையிடம் சொல்லுங்க. "உனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தா ஈஸியா வரும்னு கண்டுபிடிக்கப் போறோம்" என்று சொன்னால் போதும். அது பொய்யில்லை.

உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பகிருங்க. உங்க பிள்ளையின் வகுப்பில் இன்னொரு வீட்டுக்குத் தேவைப்படலாம்.