ஒற்றைக் கொம்பன்

வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூர் அது. டிராக்டர் ஏறாத சரிவு நிலம். சாமை விதைக்க அந்தப் பெரியவருக்கு ஒரு ஜோடி எருதுதான் துணை. உழவு முடிந்த சமயம், வலப்பக்க மாடு அடிக்கடி தலையை உதறியது. கொம்பை மரத்தில் தேய்த்தது. ஈத்தொல்லை என்று வேப்பெண்ணெய் தடவினார். பிறகு அதே பக்கத்து மூக்கில் ரத்தம் கசிந்தது, கொம்பும் சாய்ந்தது.

"வித்துடலாம்ப்பா" என்றான் மகன். தரகர் கேட்டது அடிமாட்டு விலை. பெரியவருக்கு மனசு வரவில்லை.

கால்நடை மருத்துவர் இரண்டு கொம்புகளையும் தட்டிப் பார்த்தார். நோயுள்ள கொம்பில் மந்தமான சத்தம். "கொம்புப் புற்றுங்க ஐயா. கொம்புக்குள்ள இருக்கற பொந்து நெற்றி எலும்புப் பொந்தோட சேர்ந்தது. அதான் மூக்குல ரத்தம். அறுத்து எடுத்துடணும்."

வலியை நினைத்துத்தான் பெரியவர் தயங்கினார். கொம்பு நகம் போன்றது, வலிக்காது என்பார்கள். மேலோடு மட்டும்தான் அப்படி. உள்ளே ரத்தமும் நரம்பும் ஓடும் எலும்பு.

மருத்துவர் அவர் விரலைப் பிடித்து, மாட்டின் கடைக்கண்ணிலிருந்து கொம்படி வரை உள்ள எலும்பு விளிம்பில் நகர்த்திக் காட்டினார். மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பின் கிளை ஒன்று அந்த விளிம்பை ஒட்டித் தோலுக்கடியில் போகிறது. பாதி வழியில் லிக்னோகெய்ன் ஊசி போட்டார். சற்று நேரத்தில் அந்தக் கண்ணின் மேல்இமை தொங்கியது. பெரியவர் பதறினார். "மருந்து வேலை செய்யுதுங்க, தானா சரியாயிடும்" என்றார் மருத்துவர்.

கொம்படியில் குத்திப் பார்த்ததும் பின்பக்கம் மட்டும் மாடு சிலிர்த்தது. வளர்ந்த மாட்டில் அந்த இடத்துக்குக் கழுத்து நரம்பின் கிளைகளும் வருமாம். அங்கேயும் மருந்து போட்டார். (ஆட்டுக்கு ஒரு கொம்புக்கே இரண்டு நரம்பு, கண்ணுக்கு முன்னும் பின்னும். ஆட்டுக்கு இந்த மருந்தின் அளவு கூடினால் ஆபத்து, நாமே போடக் கூடாது.)

கம்பி ரம்பம் ஓடியபோது மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

புண் ஆற வாரக்கணக்கில் ஆனது. ஈ மொய்க்காமல் கட்டை மாற்றுவது பெரியவரின் மனைவி வேலை. நுகம் பூட்டுவது கழுத்தில்தானே. அடுத்த உழவுக்கு மாடு இறங்கிவிட்டது. பிள்ளைகள் வைத்த பெயர் ஒற்றைக் கொம்பன். நோய் திரும்பவும் வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தினமும் மாட்டைக் கட்டும்போது பெரியவர் கை முதலில் போவது மீதமிருக்கும் கொம்பின் அடிக்குத்தான்.