பேரத்தியட்சர் எய்த கணை

ஆங்கில நாட்டுக் கிறிஸ்து சபைக்குத் தலைவராய்க் காண்டர்பரிப் பீடத்தில் வீற்றிருந்தவர் ஜார்ஜ் ஆபட் என்பார். அவர் 1621-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஹாம்ப்ஷயர்க் கோட்டத்துப் பிராம்ஷில் என்னும் வேட்டைக்காட்டில், மானொன்றைக் குறித்துக் கணை எய்தார். அது மானிற் பாயாது காவலன் ஒருவன் புயத்திற் பாய்ந்தது. அவன் குருதி பெருகி உயிர் நீத்தான்.

இதன்மேல் எழுந்த வழக்குப் பெரிது. குருமார் வேட்டையாடற்க, அதன்பொருட்டு நாயும் புள்ளும் வளர்க்கற்க என்று 1215-இல் உரோமையிற் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் விதித்திருந்தது. அவ்வாறிருக்க, வேட்டையிற் குருதி படிந்த கை பிறர்க்குக் குருப்பட்டம் அளித்தற்கு உரியதோ? முதலாம் ஜேம்ஸ் அரசர் பதின்மரை ஆராயப் பணித்தார். அவர் இருபாலாய்ப் பிரிந்தனர். அரசர் ஆபட்டின் பக்கஞ் சார்ந்து மன்னிப்பும் வழங்கினார். எனினும் புதிதாகத் தெரிந்தெடுக்கப்பட்ட அத்தியட்சருட் சிலர் அவர் கையால் அபிஷேகம் பெற உடன்பட்டிலர். ஆபட்டோ மாண்டவன் மனைவிக்கு ஆண்டுதோறும் 20 பவுன் கிடைக்க வகைசெய்து, அத்துயர் நிகழ்ந்த செவ்வாய்க்கிழமையை நினைந்து திங்கட்கு ஒருமுறை நோன்பு நோற்று வந்தார். அவர் நெஞ்சம் இரக்கமில்லாத நெஞ்சமன்று.

ஆயினும் அவ்வழக்கின் பொருள் காவலன் உயிரும் குருவின் தகுதியுமேயன்றி, மானின் உயிர் அன்று. கணை குறிதவறாது பட்டிருப்பின், நோன்பு ஏது? வழக்குத்தான் ஏது? இலாத்தரன் விதியும், குடிவெறியைக் கடியும் விதியோடு ஒருங்கு வைக்கப்பட்டதாகலின், குருவின் ஒழுக்கத்தையே நோக்கிற்று.

இதற்கு வேர் தோமா அக்குவினாசர் 13-ஆம் நூற்றாண்டில் வகுத்த கொள்கையிற் காணப்படும். பிறன் எருதைக் கொன்றான் குற்றமுடையனாதல், எருதின் உயிரைப் போக்கியதனாலன்று. பிறன் உடைமையை அழித்ததனாலாம். விலங்கை வருத்துவோன் பின்னர் மக்களையும் வருத்துவான் என்பதே அவர் கருத்தில் நின்ற அச்சம். வருந்தும் உயிரை இடையில் நிறுத்தி, அதன் வருத்தத்தை மட்டும் கணக்கினின்றும் நீக்கிய இவ்வாராய்ச்சி வியப்பிற்குரியதே.

இனி, அவர்தம் ஆதியாகமமோ, படைப்பின் தொடக்கத்தில் மக்கட்கும் விலங்குகட்கும் விதையும் கனியும் பூண்டுமே உணவாக வகுக்கப்பட்டன என்றும், ஊனுண்ண நோவாவுக்கு இசைவு கிடைத்தது பெருவெள்ளத்தின் பின்னரே என்றும் கூறும். பின்னது சலுகை, முன்னதே இறைவன் திருவுள்ளம் எனக் கொள்வாரும் அச்சமயத்தில் உளர். ஆதலின் அவரெல்லாரும் ஒருநிறத்தர் என எண்ணுதல், கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சைவ நன்மக்கட்கு நேர்மையாகாது. ஹம்ப்ரி பிரிமட் என்னும் ஆங்கிலக் குரு, நோவு எவ்வுடம்பிற் பட்டாலும் நோவே என்றும், விலங்கை வதைத்தல் பாவமே என்றும் தம் வேதத்தினின்றே காட்டி 1776-இல் ஒரு நூல் செய்தார். ஆர்தர் புரூம் என்னும் மற்றொரு குரு, 1824-இல் இலண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைக் கூட்டி, அதன் கடனுக்குத் தாம் பொறுப்பாகிச் சிறையும் புகுந்தார். விக்டோரியா அரசியார் அச்சங்கத்திற்கு 'அரச' என்னும் அடைமொழி வழங்கியது 1840-இல். புரூம் 1837-இலேயே மறைந்துவிட்டார்.