தேஞ்ச பலகையும் அம்மாவின் முட்டியும்

மரத்தரை தேஞ்சுபோச்சுன்னா பிடுங்கி எறிஞ்சிட்டு டைல்ஸ் போடு என்பதுதான் இன்றைக்கு எல்லோரும் சொல்லும் யோசனை. சொல்லுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தரையில் ஒருநாளும் மண்டி போட்டுப் பார்த்தவர்கள் இல்லை. மரத்தரையை நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. முட்டி போட்டு, கன்னத்தைப் பலகையோடு வைத்து, ஜன்னல் வெளிச்சம் வருகிற பக்கமாகப் பார்க்க வேண்டும். மேலே பூசிய மெருகு போயிருக்கிறதா, மரமே போயிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். முப்பது வருசத்துக்கு மேலாகப் பாலிஷ் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேஞ்சது வேற, செத்தது வேற.

அந்தக் காலத்துப் பங்களாக்களில் போட்ட தேக்குப் பலகை முக்கால் இஞ்சு கனம். ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும். நாக்குக்கு மேலே கால் இஞ்சு மரம் இருக்கும். ஒருமுறை மெஷின் போட்டு உப்புத்தாளால் தேய்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் போகும். அதாவது ஒரு தரையை அதன் ஆயுசில் ஐந்தாறு முறை புதுசாக்கலாம். முப்பது வருசத்துக்கு ஒருதரம் என்று வைத்துக்கொண்டாலும் நூற்றைம்பது வருசம். இன்றைக்குக் கடையில் விற்கிற லேமினேட் பலகையில் மேலே இருப்பது மரம் இல்லை, மரத்தின் படம். அதைத் தேய்த்தால் படம்தான் கிழியும்.

அதுக்காக எல்லாத் தரையையும் காப்பாத்திவிட முடியாது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கணும். உள்ளே வழுக்கிக்கொண்டு போனால் உளுத்துவிட்டது. சுத்தியல் பிடியால் தட்டணும். கணீரென்றால் உயிர் இருக்கு, மொத்தென்றால் கரையான் தின்னிருக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, பலகையைத் தாங்குகிற அடிவிட்டத்தைப் பார்க்கணும். அடிவிட்டம் அழுகிப்போன தரைக்கு மேலே எத்தனை கோட் பாலிஷ் அடித்தாலும் அது ஏமாத்து வேலை.

ஆனைமலை எஸ்டேட் ஒன்றில் பிறந்தவன் நான். 1890களுக்குப் பிறகு அந்தக் காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். கங்காணிகள் திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து நம்ம சனங்களை முன்பணம் கொடுத்து மலையேற்றினார்கள். அங்கே டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதிய கதை அதுதான். தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்தது, படித்திருப்பீர்கள். லைன் வீடுகளில் எங்களுக்கு மண்தரை. துரை பங்களாவுக்குத் தேக்குத் தரை. அந்தத் தேக்கும் அந்த மலையில் நின்ற மரம்தான். வெட்டிய மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப் என்று பேர் வந்தது. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டிலேயே தேக்கு போனது. அந்தக் காட்டில் குடியிருந்த காடர்களும் மலசர்களும் ஒரு பங்களாவிலும் அந்தப் பலகைமேல் உட்கார்ந்து காப்பி குடித்ததாக எங்க மலையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கம்மா 1971லிருந்து 1987 வரைக்கும், பதினாறு வருசம், அந்தப் பங்களாவில் தரை தேய்த்தாள். தேன்மெழுகும் டர்பன்டைனும் காய்ச்சிக் கலந்த மெழுகைத் துணியில் தொட்டுப் பூசி, பாதியாய் வெட்டின தேங்காய் மட்டையால் தேய்க்கணும். முகம் தெரிகிறவரைக்கும் தேய்க்கணும். வெள்ளைக்காரத் துரைகள் போய் நம்ம நாட்டுத் துரைகள் வந்த காலம் அது. அவர்கள் வந்தபிறகு ஒரு புது வழக்கம் சேர்ந்துகொண்டது. ஹால் தரையில் எங்கம்மா கை படலாம், சமையக்கட்டுத் தரையில் படக்கூடாது. சமையலுக்கு வேறு சாதி. நான் பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே எட்டிப் பார்த்தால் பட்லர் அதட்டுவான். அந்தப் பலகைமேல் அம்மா நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததே இல்லை. மண்டி போட்டுப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து பின்வாசலுக்கு வந்து இறங்கிவிடுவாள். தேய்த்த இடத்தில் அவள் காலே படக்கூடாது.

1986இல் நான் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனேன். ஆசாரி பட்டறை. மூணு வருசம் இருந்தும் என் கையில் இழைப்புளியைக் கொடுக்கவில்லை. "அது உனக்கு வராதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உப்புத்தாள் மட்டும் வரும், தூசி மட்டும் வரும். அதனால் தேய்க்கிற வேலையும் பாலிஷ் போடுகிற வேலையும் எனக்கு. சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலைக்காரனையே மேல் கீழாகப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதிவைத்ததை நான் படித்தது பிற்பாடுதான். ஒரு இழைப்புளிக்கும் ஒரு உப்புத்தாளுக்கும் நடுவில் அது எனக்கு முன்னாலேயே விளங்கியிருந்தது. இன்னொரு வேடிக்கை. அந்தப் பட்டறையில் பூஜையறைக் கதவு செய்வார்கள். மூட்டு சேர்க்க வஜ்ரம் காய்ச்சுவார்கள். வஜ்ரம் என்பது மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. மாட்டுக்கறி தின்கிறவன் தொட்டால் தீட்டாகிற கதவு, மாட்டுத்தோல் பசையால் நிற்கிறது! மெருகுக்குப் போடுகிற அரக்கோ பூச்சியின் பிசின். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் ஆதிவாசிகள் கொம்பிலிருந்து சுரண்டி எடுத்து அனுப்புவது. பளபளப்பு எதுவாக இருந்தாலும் அதன் அடியில் யாரோ ஒருவர் குனிந்துகொண்டிருக்கிறார்.

2016இல் அந்த எஸ்டேட் பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றப் போவதாகச் சேதி வந்தது. எஸ்டேட்டில் பிறந்த பையன் ஒருவன் கோயம்புத்தூரில் பாலிஷ் வேலை செய்கிறான் என்று யாரோ சொல்லி, அபிப்பிராயம் கேட்கக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னாலேயே ஒரு காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். "தரை முடிஞ்சுபோச்சு சார். டைல்ஸ் போட்டுடலாம். பழைய பலகையை நாங்களே எடுத்துட்டுப் போயிடறோம். அதுக்குக் காசு வேணாம்" என்றாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹால் மட்டும் 24க்கு 18, 432 சதுர அடி. முக்கால் இஞ்சுக் கனத்தில் 27 கன அடி நாட்டுத் தேக்கு. வயிரம் பாய்ந்த, நெருக்கமான ரேகை உள்ள மரம். அப்படி மரம் இன்றைக்குக் காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காது. அதை 'சும்மா' எடுத்துப் போகிறேன் என்கிறார். ஒன்றைக் கொள்ளையடிக்க வேண்டுமென்றால் முதலில் அது மதிப்பில்லாதது என்று சொல்லவேண்டும். நம்ம நிலத்தில், நம்ம பாட்டில், நம்ம வைத்தியத்தில் நாம் பார்க்காததா?

நான் மண்டி போட்டேன். குத்திப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். ஓரத்துப் பலகை ஒன்றைக் கழற்றி டார்ச் அடித்து அடிவிட்டத்தைப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. குளியலறைப் பக்கம் ஏழு பலகைதான் அழுகல். "பிடுங்க வேண்டாம், புதுப்பிக்கலாம்" என்று கணக்கெழுதிக் கொடுத்தேன். வேலை எனக்கு வந்தது.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே, "புடுங்கி அடுப்புல வைக்கச் சொல்லுய்யா. என் முட்டியத் தின்ன தரை அது. அதுக்கு நீ வேற போயி உசுரு குடுக்கப் போறியாக்கும்?" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "கூலி எம்புட்டு?" என்றாள்.

இயக்கத்துத் தோழர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். "எஜமான் வீட்டுத் தரைக்கு மெருகு போடுறதுதான் சீர்திருத்தம்கிறது தோழர். நாம கேட்கிறது தகர்ப்பு இல்லையா?" நல்ல கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான். எதைத் தகர்க்கிறது, எதை வைத்துக்கொள்கிறது என்பதற்கு முதலில் அடிவிட்டத்தைப் பாருங்க. சாதியின் அடிவிட்டம் சாத்திரம். அது முழுக்க அழுகல். அதுக்குப் பாலிஷ் போடுகிறவன் ஏமாத்துக்காரன். ஆனால் இந்தப் பலகை சாதி இல்லை தோழர், மரம். ஒரு காடு கொடுத்தது, நம்ம ஆட்கள் சுமந்தது, எங்கம்மா பதினாறு வருசம் தேய்த்தது. அதைக் காண்டிராக்டர் லாரியில் ஏற்றிவிட்டு டைல்ஸ் போட்டால் எந்த எஜமான்தனம் தகர்ந்துவிடும்? பலகைமேல் இருந்த வழக்கம்தான் ஒழியணும், பலகை ஏன் போகணும்? தோழர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவும்தான்.

தை மாசம் வேலை தொடங்கினோம். அந்த மலையில் மழைக்காலத்தில் இந்த வேலை ஆகாது. காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெள்ளை பூத்துவிடும், எண்ணெய் காயாது. அழுகின ஏழு பலகைக்குப் புது மரம் வாங்கவில்லை. ஸ்டோர் ரூம் தரையிலிருந்து அதே வயசுப் பலகையை எடுத்துப் போட்டோம். ஆணித்தலைகளை உள்ளே இறக்கினோம், இல்லையென்றால் உப்புத்தாள் கிழியும். ஆணியைச் சுற்றிக் கறுத்திருந்த இடங்களில் ஆக்ஸாலிக் அமிலம் வைத்துக் கழுவினோம். இடுக்குகளுக்கு அந்தத் தரையின் தூளையே பசையில் குழைத்து அடைத்தோம். 40 நம்பர் தாளில் தொடங்கி 60, 80, 120 என்று ரேகையின் போக்கிலேயே போனோம். கடைசியில் ஆளிவிதை எண்ணெய். பியூ அடித்தால் சீக்கிரம் முடியும், ஆனால் நடுவில் ஒரு கீறல் விழுந்தால் தரை முழுக்க மறுபடி தேய்க்கணும். எண்ணெய் என்றால் கீறின இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டிப் போடக்கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடணும்.

கூட வந்த மூணு பையன்களுக்கும் நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்த பிறகுதான் மெஷினைத் தொடவிட்டேன். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே அறிவித்துவிட்டது. பட்டறையில் எனக்கு அதை ஒருத்தரும் சொல்லவில்லை. துண்டைக் கட்டிக்கோ என்றார்கள்.

முதல் நாள் மெழுகுக் கறையைச் சுரண்டி எடுத்தபோதுதான் அதைப் பார்த்தேன். தரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயவில்லை. துரை நாற்காலி போட்டு உட்கார்ந்த ஜன்னல் ஓரம் அப்படியே இருந்தது. சமையக்கட்டுக் கதவிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு ஒரு தடம், ஒற்றையடிப் பாதை மாதிரி, பள்ளமாகப் போயிருந்தது. தட்டு சுமந்தவர்கள் நடந்த தடம். கணப்படுப்புக்கு முன்னால் இரண்டு குழி. பக்கத்தில் பக்கத்தில், உள்ளங்கை அகலம். சாம்பலும் கரியும் சிந்துகிற இடம் என்பதால் தினமும் அதிக நேரம் தேய்க்க வேண்டிய இடம். என் முட்டியை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. அம்மாவுக்கு முன்னால் யாரெல்லாம் அங்கே மண்டி போட்டார்களோ, எல்லாருடைய முட்டியும் சேர்ந்து குடைந்த குழி அது.

எந்த எஸ்டேட் ரிஜிஸ்தரிலும் இல்லாத கணக்கு அந்தத் தரையில் இருந்தது. யார் நடந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள், யார் மண்டி போட்டார்கள் என்று மரம் எழுதி வைத்திருந்தது. தரையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த எழுத்தை அழிக்கணும். மட்டம் பார்க்காமல் எண்ணெய் போட முடியாது. பிடுங்கி எறிந்தாலும் அழியும், புதுப்பித்தாலும் அழியும். புதுப்பித்தால் மரமாவது மிஞ்சும். அந்தக் குழிகளை வேறு யாரிடமும் விடாமல் நானே தேய்த்தேன். மெஷினை வைக்கவில்லை, கையால்தான். அரை நாள் ஆனது.

இன்றைக்கு அந்த ஹாலில் 'பிரிட்டிஷ் காலத்துத் தேக்குத் தரை' என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். வெட்டியவர் பேர் இல்லை, சுமந்தவர் பேர் இல்லை, தேய்த்தவர் பேர் இல்லை. பலகை பேசாது, அதன் வாயை நானே அடைத்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன். கணப்படுப்புக்கு முன்னால், வலது ஓரத்திலிருந்து நாலாவது ஐந்தாவது பலகையில், இரண்டு குழி இருந்தது. லைன் வீட்டுப் பெண்களின் முட்டி குடைந்தது. அதில் பதினாறு வருசம் எங்கம்மாவுடையது.