200 கஜம்

போன வருஷம் நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா உறுத்தல். இப்போதான் எழுத வருது. வேட்டைன்னாலே முகம் சுளிக்கிற நண்பர்கள் இங்க உண்டு, தெரியும். திட்டறதா இருந்தா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க மக்களே.

இடம், அமெரிக்காவுல வயோமிங் மாநிலம். காஸ்பர் ஊரைத் தாண்டினா மரமே இல்லாத வெட்டவெளி. முழங்கால் உயரத்துக்கு சேஜ்பிரஷ் புதர், ஓயாத காத்து, அவ்வளவுதான். அங்க மேயறது ப்ராங்ஹார்ன். பாக்க மான் மாதிரி இருந்தாலும் மான் கிடையாது. இன்னிக்கு உயிரோட இருக்கிற மிருகங்கள்ல அதுக்கு நெருங்கின சொந்தம் ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியும்தான்! ஓட ஆரம்பிச்சா மணிக்கு 85 கிலோமீட்டரைத் தொடும். ஆனா வேட்டைக்காரனுக்குப் பிரச்சினை அதோட கால் இல்லீங்க, கண்ணு. தலைக்கு ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு இருக்கிற பெரிய கண்ணு. கழுத்தைத் திருப்பாமலே ஏறக்குறைய நாலாபக்கமும் பாத்துடும். ஒண்ணு மிரண்டா பின்பக்கத்து வெள்ளை முடி சிலிர்த்துக்கும். அதைப் பாத்து தூரத்துல மேயறதெல்லாம் உஷார்.

போன வருஷம் 350 கஜத்துல ஒரு கிடா நின்னுது. அந்தத் தூரத்துல, அந்த ஊர்க் காத்து தோட்டாவை ஒரு அடிகூடத் தள்ளிடும். சுடவேண்டிய இடமோ ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. தெரிஞ்சும் சுட்டேன். பின்னங்கால்ல பட்டுது. மூணு கால்ல ஓடி மேட்டைத் தாண்டிப் போச்சு. இருட்டற வரைக்கும் தேடினோம். மறுநாளும் தேடினோம். கிடைக்கலை.

கூட வந்த பெரியவர், எண்ணெய்க் கிணத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், திட்டவே இல்லை. ட்ரக்ல திரும்பும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "இன்னும் கிட்ட போயிருக்கலாம். நேரம் இருந்துது." அந்த ராத்திரி தூங்கலை நான்.

அதனால இந்த அக்டோபர்ல ஒரு முடிவோட போனேன். 200 கஜத்துக்குள்ள போனாத்தான் சுடறது.

முதல் கூட்டத்தைப் பாத்ததும் ட்ரக்கை நிறுத்தினேன். தப்பு. வண்டி ஓடிக்கிட்டே இருந்தா அதுங்க பாட்டுக்கு மேயும். நின்னா தலை தூக்கும். கதவு திறந்தா காலி! ரெண்டாவது கூட்டத்துக்கு மேட்டு உச்சியில நடந்து போனேன். வானத்துக்கு முன்னாடி கம்பம் நட்ட மாதிரி நான் தெரிஞ்சிருப்பேன். அதுவும் போச்சு.

மூணாவது கூட்டத்தை ஒரு மைல் தள்ளி நின்னு பைனாகுலர்ல பாத்தோம். படுத்து அசைபோட்டுக்கிட்டு இருந்துதுங்க. வண்டியை மேட்டுக்குப் பின்னால விட்டுட்டு, காத்து முகத்துல அடிக்கிற மாதிரி ஒரு வறண்ட ஓடைக்குள்ள இறங்கினோம். ஓடை முடிஞ்ச இடத்துல பெரியவர் உக்காந்துட்டார். முழங்கால் வலி. "இனிமே நீயே போ"ன்னார்.

தோட்டாவை அறைக்குள்ள ஏத்தாம, துப்பாக்கியை முன்னால தள்ளித் தள்ளி வயித்தால ஊர்ந்தேன். தரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி. தூரம் அளக்கிற கருவி 410ன்னுது, அப்புறம் 320, 260. அங்க ஒரு கிழட்டுப் பெட்டை என்னையே பாத்துது. மூஞ்சியை மண்ணுல வெச்சுக்கிட்டு கால் மணி நேரம் பொணமாக் கிடந்தேன். அது திரும்பினதும் மறுபடி ஊர்ந்து 230.

அதுக்கு மேல ஒரு புதர்கூட இல்லை. கிடா எழுந்து பக்கவாட்டுல நின்னுது. வெறும் 30 கஜம்தான் அதிகம், யாருக்குத் தெரியப்போகுது? விரல் துடிச்சுது. அப்போ அந்த மூணு கால் ஓட்டம் கண்ணு முன்னால வந்துது.

வந்த வழியே பின்பக்கமா ஊர்ந்தேன். முன்னால போறதைவிட அதுதாங்க கஷ்டம். ஓடைக்குத் திரும்பி, இன்னொரு கிளை ஓடை வழியா சுத்தி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இந்நேரம் கிளம்பியிருக்கும்னுதான் நினைச்சேன். மெதுவா எட்டிப் பாத்தா அங்கேயே மேஞ்சுக்கிட்டு இருக்கு. 165 கஜம். அப்போதான் தோட்டாவை ஏத்தினேன். ஒரே குண்டு. நின்ன இடத்துலேயே விழுந்துது.

பெரியவர் நொண்டிக்கிட்டே வந்து தண்ணி பாட்டிலை நீட்டினார். எதுவும் பேசலை. கறி கெட்டுப் போகாம இருக்க உடனே தோலை உரிச்சு, ஐஸ் பெட்டியில வெச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தோம். வீட்டுக்காரம்மா மிளகு தூக்கலா வறுத்தாங்க. பெரியவர் மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போன வருஷத்துக் கணக்கு தீர்ந்துதான்னா, இல்லை. அது தீராது.

யாராவது அந்தப் பக்கம் போனீங்கன்னா முழங்காலுக்கு உறை மாட்டிக்கிட்டுப் போங்க. எனக்கு இன்னும் ரெண்டு முள்ளு உள்ளேதான் இருக்கு.